வேலை வந்தது, பங்கு எவ்வளவு வந்தது? வங்கதேச ஆடைத் தொழிலின் கணக்கு

1979ஆம் ஆண்டு வங்கதேசத்திலிருந்து 130 பேர் தென்கொரியாவின் பூசான் நகருக்குப் போனார்கள். தேவூ நிறுவனத்தின் ஆலையில் ஆறு மாதம் தங்கி, துணி வெட்டவும் தைக்கவும் தரம் பார்க்கவும் ஆலையை நடத்தவும் வெளிநாட்டு ஆர்டர் பிடிக்கவும் கற்றுக்கொண்டார்கள். அவர்களை அனுப்பியவர் நூருல் காதர். அரசுப் பணியில் உயர் பொறுப்பில் இருந்து, பிறகு தேஷ் கார்மெண்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர். திரும்பி வந்தவர்கள் 1980இல் 43,000 சட்டைகள் தைத்தார்கள். 1987இல் அதே நிறுவனம் தைத்தது 23 இலட்சம்.

ஆனால் இந்தக் கதையில் பெரிய செய்தி தேஷின் வளர்ச்சி இல்லை. பயிற்சிக்குப் போன 130 பேரில் 115 பேர் அடுத்த சில ஆண்டுகளில் தேஷை விட்டு வெளியேறினார்கள். சிலர் சொந்தமாக ஆலை வைத்தார்கள், சிலரைப் புதிதாக முளைத்த ஆலைகள் அழைத்துக்கொண்டன. கற்றுக்கொடுத்த முதலாளிக்கு அது இழப்புதான். அந்த இழப்பின் வழியாகத்தான் ஒரு நாடு முழுக்கத் தொழில் பரவியது. இன்று வங்கதேச ஏற்றுமதி வருமானத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஆயத்த ஆடையிலிருந்து வருகிறது. சுமார் 40 இலட்சம் பேர் அதில் வேலை செய்கிறார்கள்.

உலக வணிகம் ஏழை நாடுகளை உயர்த்தும் என்பவர்களும் சாட்சிக்கு வங்கதேசத்தைத்தான் அழைக்கிறார்கள். அது ஏழைகளைச் சுரண்டும் என்பவர்களும் அதே நாட்டைத்தான் அழைக்கிறார்கள். இரண்டு தரப்பிடமும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகின்றன. வேலை வந்த இடத்தில் வளமும் தானாகப் பங்காகி வந்ததா? இந்த நாற்பத்தைந்து ஆண்டுகளைப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: பங்கு வந்த இடத்திலெல்லாம் யாரோ அதைக் கேட்டு, சட்டப்படி செல்லுபடியாகும் எழுத்தில் வாங்கியிருக்கிறார்கள். எழுத்தில் வாங்காதது நிலைக்கவில்லை.

கோட்டா, எல்.சி., பாண்டட் கிடங்கு

தேவூ ஏன் வங்கதேசத்தைத் தேடி வந்தது? கூலி குறைவு என்பது பாதி விடைதான். கூலி குறைந்த நாடுகள் அப்போது எத்தனையோ இருந்தன. மீதி விடை பணக்கார நாடுகளின் கோட்டாவில் இருக்கிறது. தங்கள் நாட்டு ஜவுளித் தொழிலைக் காப்பதற்காக அமெரிக்காவும் ஐரோப்பாவும் 1974இல் பல்லிழை ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. எந்த நாடு எவ்வளவு துணியும் ஆடையும் அனுப்பலாம் என்று அதன்படி உச்சவரம்பு போடப்பட்டது. கொரியா தன் வரம்பைத் தொட்டுவிட்டது. வங்கதேசத்துக்கு அப்போது வரம்பே இல்லை, ஏனென்றால் அங்கே சொல்லிக்கொள்ளும்படி ஏற்றுமதியே இல்லை. கொரிய அறிவும் வங்கதேச முகவரியும் சேர்ந்தால் சட்டை கப்பலேறும். இந்தக் கணக்கில்தான் 1978இல் தேஷுக்கும் தேவூவுக்கும் ஒப்பந்தம் ஆனது.

ஆர்டர் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். துணி வாங்கப் பணம் வேண்டுமே? பஞ்சத்திலிருந்தும் போரிலிருந்தும் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்த நாட்டில் அந்நியச் செலாவணி கையிருப்பு கிடையாது. புது ஆலைக்காரரிடம் அடமானம் வைக்கச் சொத்தும் கிடையாது. இதற்கு வந்த வழிதான் பேக் டு பேக் எல்.சி., அதாவது வங்கி தரும் ஒரு பண உறுதிக் கடிதத்தை (எல்.சி.) வைத்து இன்னொன்றைத் திறப்பது. அமெரிக்க வாங்குநரின் வங்கி, சரக்கு கப்பலேறினால் பணம் தருகிறேன் என்று ஒரு எல்.சி. அனுப்பும். டாக்காவில் உள்ள வங்கி அந்த எல்.சி.யையே பிணையாக வைத்துக்கொண்டு, துணி தரும் கொரிய ஆலைக்கு இரண்டாவதாக ஒரு எல்.சி. திறக்கும். துணி கடனுக்கு வரும், தைத்து அனுப்பப்படும், வாங்குநரின் பணம் வந்ததும் துணிக்காரருக்கு உரியதை வங்கி பிடித்துக்கொண்டு மீதியை ஆலைக்குத் தரும். கையில் காசில்லாதவரும் ஏற்றுமதியாளர் ஆகலாம். தையல் இயந்திரங்களும் ஒரு கொட்டகையும் நம்பிக்கையான ஒரு ஆர்டரும் இருந்தால் போதும்.

கூடவே பாண்டட் கிடங்கு வசதியும் வந்தது. ஏற்றுமதி ஆடைக்காக வரும் துணிக்கு இறக்குமதி வரி கிடையாது. சுங்கப் பூட்டுப் போட்ட கிடங்கில் இறக்கி, கணக்கு எழுதி, ஆடையாக வெளியே அனுப்பினால் சரி. அந்தக் காலத்தில் மற்ற தொழில்களை வங்கதேசம் உயர்ந்த இறக்குமதி வரிச் சுவருக்குள்தான் வைத்திருந்தது. இந்த ஒரு தொழிலுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்தது. ஒரு தொழில் எழுந்து நிற்க, உலகச் சந்தை திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளூர் வங்கியும் சுங்க அலுவலகமும் அந்தத் தொழிலுக்காக வளைந்து கொடுக்கவும் வேண்டும். அரசு ஒதுங்கி நின்றதால் இந்தத் தொழில் வளர்ந்தது என்று சொல்பவர்கள் இந்த இரண்டு ஏற்பாடுகளையும் பார்க்கவில்லை.

2005 ஜனவரியில் கோட்டா முறை முடிவுக்கு வந்தபோது, சீனா எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும், வங்கதேசம் மூழ்கும் என்று பேசினார்கள். நடந்தது நேர்மாறு. சீனாவில் கூலி ஏறியது. ஐரோப்பிய ஒன்றியம் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு 2001 முதல் வரியில்லா நுழைவு கொடுத்து வந்தது. 2011இல் மூல விதியையும் தளர்த்தியது. அதாவது எந்த நாட்டுத் துணியில் தைத்தாலும், தையல் வங்கதேசத்தில் நடந்தால் வரி இல்லை. சீனத் துணியில் தைத்த சட்டைக்கும் பேண்ட்டுக்கும் இது பெரிய திறப்பாக அமைந்தது.

பெண்கள் ஆலைக்கு வந்தபோது

கிராமத்திலிருந்து டாக்காவை அடுத்த ஆலைப் பகுதிகளான ஆஷுலியாவுக்கும் காஜிப்பூருக்கும் வந்து ஒற்றை அறையில் மூன்று நான்கு பேராகத் தங்கி வேலைக்குப் போன பெண்கள்தான் இந்தத் தொழிலின் அடித்தளம். ஒரு காலத்தில் தொழிலாளர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். வீட்டு வாசலைத் தாண்டிக் கூலி வேலைக்குப் போவதே கௌரவக் குறைவாகப் பேசப்பட்ட ஊர்களிலிருந்து அவர்கள் வந்தார்கள்.

அது அவர்கள் வாழ்க்கையில் என்ன செய்தது என்பதைப் பொருளியலாளர்கள் ரேச்சல் ஹீத்தும் முஷ்ஃபிக் மொபாரக்கும் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். ஆலைகளுக்கு எட்டும் தூரத்தில் உள்ள ஊர்ப் பெண்பிள்ளைகள் கல்யாணத்தையும் குழந்தைப்பேற்றையும் தள்ளிப்போட்டார்கள், கூடுதல் ஆண்டுகள் பள்ளிக்குப் போனார்கள். கணக்குத் தெரிந்த, எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணுக்கு ஆலையில் நல்ல வேலை கிடைக்கும் என்று தெரிந்ததும், மகளைப் படிக்க வைப்பதில் குடும்பத்துக்கு ஒரு பயன் தெரிந்தது. பெண்கல்விக்காக அரசு கொடுத்த உதவித்தொகையைவிட இந்த ஆலை வேலையின் இழுப்பு வலுவாக இருந்தது என்பது அவர்கள் கண்டது. நாட்டின் வறுமை விகிதம் 2000இல் 48.9 விழுக்காடு, 2022இல் 18.7 விழுக்காடு. இதில் விவசாயத்துக்கும் வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஆடைத் தொழிலின் பங்கையும் யாரும் மறுக்க முடியாது.

ஆனால் இதையே எல்லா நாட்டுக்கும் சூத்திரமாக எழுதிவிட முடியாது. எத்தியோப்பியாவில் கிறிஸ்டோபர் பிளாட்மேனும் ஸ்டீஃபன் டெர்கானும் ஆலை வேலைக்கு மனுப்போட்டவர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் வேலை கொடுத்துப் பார்த்தார்கள். வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் ஓராண்டுக்குள் விட்டுவிட்டார்கள். சந்தையில் சில்லறை வியாபாரம் செய்ததைவிட ஆலையில் வருமானம் கூடவில்லை, உடல்நலக் கேடுதான் கூடியது. பிறகு உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி அமெரிக்கா 2022 ஜனவரியில் எத்தியோப்பியாவுக்கான வரிச் சலுகையை நிறுத்தியது. ஹவாசா தொழிற்பூங்காவை நம்பி வந்திருந்த பெண்கள்தான் அந்த அடியை முதலில் வாங்கினார்கள். வேறொரு நாட்டின் தயவில் நிற்கும் வேலையை அந்த நாடு ஒரு கையெழுத்தில் எடுத்துவிடலாம்.

லைனுக்குள்ளே

ஒரு சட்டை ஆலையின் தையல் லைனைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒருவர் காலரை மட்டும் தைப்பார். அடுத்தவர் அதைக் கழுத்தில் ஏற்றுவார். கஃப் ஒருவர், பட்டன் பட்டி ஒருவர், கையைப் பொருத்துவது ஒருவர், பக்கவாட்டை மூடுவது ஒருவர். நடுநடுவே ஹெல்பர்கள்: நூல் நறுக்க, துண்டுகளை எடுத்துக் கொடுக்க, மடித்துப் பிடிக்க. திருப்பூரில் கைமடி என்று சொல்கிறோமே, அதே வேலை. லைனின் தலைமாட்டில் ஒரு பலகை. இந்த மணிக்கு இலக்கு எத்தனை, வந்தது எத்தனை என்று அதில் எழுதியிருக்கும். இலக்கு எட்டாத மணிக்கான ஏச்சு சூப்பர்வைசர் வாயிலிருந்து வரும்.

அந்த இலக்கைத் தீர்மானிப்பது எஸ்.எம்.வி. என்ற அளவு. இந்தச் சட்டையைத் தைக்க இத்தனை நிமிடம் என்று ஸ்டாப்வாட்ச் கணக்கில் பிரித்து வைத்திருப்பார்கள். வாங்குநரின் ஆள் பேரம் பேசும்போது துணி விலையில் அதிகம் குறைக்க முடியாது, பஞ்சு விலை உலகச் சந்தையில் வெளிப்படையாக இருக்கிறது. கப்பல் கூலியிலும் முடியாது. நெருக்க முடிவது நிமிடத்தைத்தான், நிமிடத்துக்கான காசைத்தான். கடையில் விற்கும் விலையில் தைத்தவர் கைக்குப் போவது நூற்றுக்கு இரண்டு மூன்றைத் தாண்டுவது அரிது. அந்த இரண்டு மூன்றில்தான் இத்தனை இழுபறியும் நடக்கிறது.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள், 2,500 பேருக்கு மேல் காயம். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கிக் கிளை ஊழியர்களை அனுப்பிவிட்டுக் கதவை மூடியது. மேல்தளங்களில் இருந்த ஐந்து ஆடை ஆலைகளின் தொழிலாளர்கள் மறுநாள் காலை உள்ளே அனுப்பப்பட்டார்கள். வராவிட்டால் சம்பளம் பிடிக்கப்படும் என்று மிரட்டியதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். ஐந்து ஆலைகளில் ஒன்றில்கூடத் தொழிற்சங்கம் இல்லை. நாங்கள் ஏறமாட்டோம் என்று எல்லோர் சார்பிலும் சொல்ல அங்கே யாருமில்லை. அவற்றில் சில ஆலைகளைச் சமூகப் பொறுப்புத் தணிக்கையாளர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் படிவத்தில் கட்டடத்தின் தூண்களைப் பற்றிய கேள்வி இல்லை.

ஐந்து மாதங்களுக்கு முன்புதான் தாஸ்ரீன் ஆலைத் தீயில் 112 பேர் இறந்திருந்தார்கள். அப்போதும் அறிக்கைகள் வந்தன. ராணா பிளாசாவுக்குப் பிறகு வந்தது வேறு வகை: தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம், சுருக்கமாக அக்கார்டு. இருநூறுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளோடு கையெழுத்திட்டன. அதன் வலு, அது சட்டப்படி கட்டுப்படுத்தியது என்பதில் இருக்கிறது. மீறினால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். தொழிற்சங்கங்கள் இழுத்தும் காட்டின. ஒரு வழக்கில் ஆலைகளைச் சரிசெய்ய 23 இலட்சம் டாலர் தர ஒரு பன்னாட்டு நிறுவனம் 2018இல் ஒப்புக்கொண்டது. 1,600க்கு மேற்பட்ட ஆலைகள் சோதிக்கப்பட்டன. பூட்டிய வாசல்கள் திறந்தன, தீக்கதவுகள் வந்தன, பலமில்லாத கட்டடங்கள் மூடப்பட்டன. அதற்குப் பிறகு ராணா பிளாசா அளவில் இன்னொரு ஆடை ஆலை விபத்து அங்கே நடக்கவில்லை. பத்தாண்டு தன்னார்வத் தணிக்கை செய்யாததைக் கட்டுப்படுத்தும் ஒரு ஒப்பந்தம் செய்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இன்றும் பல நாடுகளில் தன்னார்வத் தணிக்கைதான் மருந்து என்று விற்கப்படுகிறது.

ஆனால் விலை? பாதுகாப்பைக் கூட்டச் சொன்ன அதே நிறுவனங்கள் ஆடைக்குக் கொடுத்த விலையைக் கூட்டவில்லை. அப்போது பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் ஆனர் செய்த ஆய்வின்படி, ராணா பிளாசாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆலைகளுக்குக் கிடைத்த விலை பத்து விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. தீக்கதவுச் செலவை ஆலைக்காரர் ஏற்றார். அவர் அதை லைனின் இலக்கில் ஏற்றினார்.

டாலரில் விற்று, டாகாவில் கூலி

கூலிக் கணக்கில் ஒரு நுட்பத்தைப் பலரும் கவனிப்பதில்லை. 2018 டிசம்பரில் குறைந்தபட்சக் கூலி மாதம் 8,000 டாகா (டாகா வங்கதேச நாணயம்) என்று ஆனது. அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 95 டாலர். ஐந்து ஆண்டுக்குக் கூலி மாறவில்லை. இடையில் டாகாவின் மதிப்பு சரிந்து, 2023 இறுதியில் ஒரு டாலருக்கு 110 டாகா ஆனது. அதே 8,000 டாகா இப்போது சுமார் 73 டாலர். ஆலைக்காரர் சட்டையை டாலரில் விற்கிறார், கூலியை டாகாவில் தருகிறார். டாலர் கணக்கில் அவருடைய கூலிச் செலவு கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. நாணயம் சரிந்ததால் அரிசியும் எண்ணெயும் வீட்டு வாடகையும் ஏறியது தொழிலாளிக்கு. யாரும் கூலியைக் குறைக்கும் ஆணை போடவில்லை, கூலி குறைந்துவிட்டது.

2023 அக்டோபரில் தொழிலாளர்கள் 23,000 டாகா கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். போராட்டத்தில் உயிர்கள் போயின. முடிவில் 12,500 டாகா கிடைத்தது. டாலரில் சுமார் 113. 2018இன் 95 டாலரிலிருந்து ஐந்து ஆண்டில் வந்த உயர்வு அவ்வளவே. பேசும் மேசையில் வலு ஒரு பக்கமே இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. நாடாளுமன்றத்திலேயே ஆலை உரிமையாளர்கள் பலர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஆலையில் சங்கம் பதிவு செய்ய 30 விழுக்காடு தொழிலாளர்களின் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2018இல்தான் அது 20 ஆனது. 2012இல் அமினுல் இஸ்லாம் என்ற தொழிற்சங்க அமைப்பாளர் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார்.

ஆலைக்காரர் மட்டும் பாதுகாப்பாக இருக்கிறார் என்றும் நினைக்க வேண்டாம். தொழிலைத் தொடங்கி வைத்த எல்.சி. முறையையே பல பெரிய வாங்குநர்கள் கைவிட்டுவிட்டார்கள். இப்போது ஒப்பந்தக் கடிதத்தின் பேரில் சரக்கு போகிறது, பணம் அறுபது தொண்ணூறு நாள் கழித்து வருகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் கடைகள் மூடியபோது, தைத்து முடித்ததையும் வெட்டி வைத்ததையும் சேர்த்து 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை வாங்குநர்கள் ரத்து செய்தார்கள் அல்லது நிறுத்தி வைத்தார்கள் என்று ஆலை உரிமையாளர் சங்கம் கணக்குச் சொன்னது. துணிக்கான கடன் ஆலை தலையில், ஆலை மூடினால் பட்டினி தொழிலாளி தலையில். எதிர்ப்புக் கிளம்பிய பிறகு பலர் பணம் கொடுத்தார்கள், சிலர் தள்ளுபடி கேட்டார்கள். ஆபத்து எப்போதும் கீழ்நோக்கியே ஓடும்படி அந்த ஒப்பந்தங்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

வரிச் சுவரும் 2029ஆம் ஆண்டும்

பணக்கார நாடுகள் ஏழை நாடுகளுக்குச் சந்தையைத் திறந்துவிட்டன என்ற பேச்சையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். 2005இல் ஹாங்காங்கில் உலக வணிக அமைப்பின் கூட்டத்தில், மிகப் பின்தங்கிய நாடுகளின் பொருள் வகைகளில் 97 விழுக்காட்டுக்கு வரி நீக்கலாம் என்று முடிவானது. ஒரே தொழிலில் நிற்கும் நாட்டின் மொத்த ஏற்றுமதியையும் மீதி 3 விழுக்காட்டுக்குள் அடைத்துவிடலாம். அமெரிக்கா வங்கதேச ஆடைக்கு வரியை நீக்கவே இல்லை. சராசரியாக 15 விழுக்காடு வசூலித்து வந்தது. ராணா பிளாசாவுக்குப் பிறகு தண்டனையாக அது நிறுத்திய சலுகையிலும் ஆடை இருந்ததில்லை. 2025 ஏப்ரலில் அதற்கு மேல் 37 விழுக்காடு என்று அறிவித்து, பேரத்துக்குப் பின் ஆகஸ்டில் 20 என்று நிறுத்தியது.

அதே ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு ஆனதும் திருப்பூரில் ஆர்டர்கள் நின்றது நமக்குத் தெரியும். வங்கதேசத்துக்கு 37 என்று வந்தபோது இங்கே சிலருக்கு நம்பிக்கை துளிர்த்தது; இந்தியாவுக்கு 50 என்றதும் அங்கே சிலருக்கு. அந்த ஆண்டிலேயே இந்திய நூல் தரைவழியாக வருவதை வங்கதேசம் நிறுத்தியது, வங்கதேச ஆடை தரைவழியாக வருவதை இந்தியா நிறுத்தியது. தமிழ்நாட்டு நூற்பாலைகளின் நூலில் பின்னிய துணியும் நாராயண்கஞ்ச் ஆலைகளில் டி-ஷர்ட் ஆகிறது. அந்த ஊரும் திருப்பூரைப் போலவே பின்னலாடை ஊர். இரண்டு ஊர்த் தொழிலாளர்களையும் ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு விலையைக் குறைப்பது வாங்குநருக்குத்தான் வசதி.

இனி அடுத்த கட்டம். மிகப் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வங்கதேசம் வெளியேற ஐ.நா. பொதுச்சபை 2021இல் குறித்த நாள் 2026 நவம்பர் 24. வளர்ச்சிக்குக் கிடைத்த அங்கீகாரம் அது. அதோடு சலுகைகளும் போகும். ஐரோப்பிய ஒன்றியம் பட்டியலை விட்டு வெளியேறிய பிறகும் மூன்றாண்டு வரியில்லா நுழைவைத் தொடரும்; பிறகு 2029 முடிவில் ஆடைக்கு 12 விழுக்காடு வரை வரி நிற்கும். அதைத் தவிர்க்க, ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனையோடு தரும் ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற வரிச் சலுகை ஒன்றுதான் பெரிய வழி. அதற்குத் தொழிலாளர் உரிமை உள்ளிட்ட பன்னாட்டு உடன்படிக்கைகளை நடைமுறையில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை அறியும்; மனித உரிமை நிபந்தனைகளை நிறைவேற்றவில்லை என்று 2010இல் அந்தச் சலுகையை இழந்து, 2017இல்தான் திரும்பப் பெற்றது. மூல விதியும் மாறும்: தைப்பது மட்டும் போதாது, துணியையும் அங்கேயே நெய்ய வேண்டும். பின்னலாடைக்கு வங்கதேசத்திடம் சொந்த நூற்பாலைகள் இருக்கின்றன. சட்டை, பேண்ட் ஆலைகள் சீனத் துணியை நம்பி நிற்கின்றன.

பட்டியலிலிருந்து வெளியேறுவதைத் தள்ளிவையுங்கள் என்று ஆலை உரிமையாளர்கள் கேட்கிறார்கள். தள்ளிவைத்தாலும் அந்த 12 விழுக்காடு ஒருநாள் வரத்தான் போகிறது. அதை வாங்குநர் ஏற்பாரா, ஆலைக்காரர் ஏற்பாரா, எஸ்.எம்.வி. கணக்கில் நிமிடத்தைக் குறைத்து லைனில் இறக்குவார்களா என்பது இனிமேல்தான் பேசி முடிவாக வேண்டும். இதுவரை அந்தப் பேச்சு அரசுக்கும் உரிமையாளர் சங்கங்களுக்கும் பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய அதிகாரிகளுக்கும் நடுவில்தான் நடக்கிறது. லைனில் உட்கார்ந்து தைப்பவர்களின் சங்கங்களுக்கும் அதில் இப்போதே இடம் வேண்டும், ஜி.எஸ்.பி. பிளஸ் கேட்கும் நிபந்தனைகளில் அந்த உரிமையும் ஒன்று.